நலவிசாரி

ஈரோடு பேருந்து நிலையத்தில் சேலம் வண்டி புறப்படும் முன் நடத்துநர் இயந்திரம் வழக்கம்போல் ஒருமுறை கூவியது. “பித்தப்பை எடுக்கப் போனவங்க எல்லாரும் ஏறியாச்சுங்களா?”

டீக்கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த அறுவைக்கூண்டிலிருந்து ஒருவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்து ஏறினார். விலா எலும்புக்குக் கீழே ஒரு நீலப் பட்டை ஒட்டியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடி வெட்டிக்கொண்டு வந்தவரிடம் வலித்ததா என்று யாராவது கேட்பார்களா?

கத்தி என்ற சொல் சமையலறையோடு நின்றுபோன காலம் அது. குடல்வால், குடலிறக்கம், சிறுநீரகக் கல் எல்லாம் கூண்டுக்குள் போய் ஒரு பாட்டுக் கேட்டு முடிப்பதற்குள் தீர்ந்துவிடும். வலி கிடையாது, தையல் கிடையாது, ஆபீசுக்கு விடுப்பும் கிடையாது. ஆகவே ஆபரேஷன் என்பது ஒரு சேதியாகவே இல்லாமல் போயிற்று. சேதி இல்லாத வீட்டுக்கு ஒறம்பரை வராது. கொங்குநாட்டில் வீடு தேடி வரும் சொந்தபந்தத்துக்கு ஒறம்பரை என்று பெயர். சொல் அகராதியில் பத்திரமாக இருந்தது. வருவதுதான் நின்றுபோயிருந்தது.

ராக்கியண்ணனுக்குப் பழுதானது இதயம். அதைப் பேருந்து நிலையத்தில் மாற்றமுடியாது. காவிரிக்கரையில் இருந்த பெரிய மருத்துவமனையில் சேர்ந்து ஒரு வாரம் பத்து நாள் படுக்கவேண்டும். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாகக் கடையைச் சாத்தினார். வீட்டு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கடை. தோசை ஊற்றும் இயந்திரம், துணி மடிக்கும் இயந்திரம், படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் குளிப்பாட்டும் இயந்திரம் என்று நாற்பது வருஷமாக அவர் கை படாத மோட்டார் ஈரோட்டில் இல்லை. கடையைச் சாத்தும்போது எதிர்க்கடைக்காரரிடம், “நெஞ்சு மாத்தப் போறனுங்க” என்றார்.

“நெஞ்சுங்களா? நானும் போன வருசம் மாத்துனனுங்க. எல்லாம் நல்லாத்தான் பண்றாங்க. வண்டி நிறுத்தத்தான் எடமே கெடைக்கறதில்ல” என்றார் எதிர்க்கடைக்காரர். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவருடைய உயிரணுக்களிலிருந்தே தொட்டியில் வளர்த்த இதயம் அது. இயந்திரக் கைகள் அதை ஒரு மயிரிழை பிசகாமல் பொருத்திவிட்டன. அறுவை சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு புது இதயத்தைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. எவ்வளவு சேர்த்துக்கொண்டது என்பதைக் கட்டிலுக்கு மேலே ஒரு பச்சை எண் காட்டும். அதற்கு ஏற்பு எண் என்று பெயர். எண்பதைத் தாண்டினால் வீட்டுக்குப் போகலாம். ராக்கியண்ணனின் எண் நாற்பதில் ஏறிப் படுத்துக்கொண்டது. அது அப்படியே கிடந்தால் இதயத்தை எடுத்துவிட்டு, ரத்தம் இறைக்கும் பெட்டி ஒன்றை இடுப்பில் கட்டிவிடுவார்கள். ஆயுசு முழுக்க அதை இழுத்துக்கொண்டு திரியவேண்டும். வாழ்நாளெல்லாம் இயந்திரத்தைப் பழுது பார்த்தவர் கடைசியில் ஒரு இயந்திரத்தின் துணைக்கருவியாக ஆவது அவருக்குப் பிடிக்கவில்லை.

அறையில் வேறு யாருமில்லை. ஜன்னலில் காவிரி தெரிந்தது. செவிலி இயந்திரம் மணிக்கொருதரம் உருண்டு வந்து, “வலி எவ்வளவு இருக்கு? ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்க” என்று கேட்கும். வலி இல்லை. வேறு ஏதோ இருந்தது. அதற்கு என்ன எண் சொல்வதென்று தெரியாமல் அவர் ஒவ்வொரு தடவையும் சைபர் என்றே சொல்லிவைத்தார்.

மனைவி துளசிமணி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் பூங்கோதை. நிலவின் தென்முனையில் பனிக்கட்டி தோண்டும் சுரங்கத்தில் பொறியாளர். ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுவாள். ஒரு சொல் நிலவுக்குப் போய்ப் பதில் திரும்பி வர இரண்டரை விநாடி ஆகும். அவர் ஏதாவது கேட்டால், கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வரும். அவள் பார்வை திரையில் அவர்மேல் நிற்காது. இடதுபக்கம் மேலே போய் நிற்கும். அந்தக் காலத்தில் எல்லோரும் இமைக்கு அடியில் ஒரு மெல்லிய திரை பதித்திருந்தார்கள். இமைத்திரையில் செய்தி வந்தால் கண் தானாக அந்த மூலைக்குப் போய்விடும்.

“சாப்டீங்களாப்பா?”

“சாப்ட்டேன் கண்ணு.”

“மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன் கண்ணு.”

“சரிங்கப்பா. வெக்கட்டுமா?”

ஒன்பது வருஷத்துப் பேச்சும் ஏறக்குறைய இதுதான். இதயம் மாற்றப் போவதைச் சொன்னபோதுகூட அவள் கண் மூலையில்தான் இருந்தது. “அப்படீங்களா? எங்க சுரங்கத்துலயும் ஒருத்தருக்கு மாத்துனாங்க. சேரல. போய்ட்டாரு. பத்தரமா இருங்கப்பா” என்றாள். வா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான். பூங்கோதை வந்து கட்டில் பக்கத்தில் நிற்கவேண்டும். ராக்கியண்ணன் பொண்ணு வந்திருக்கறா என்று அந்தச் செவிலி இயந்திரத்துக்காவது தெரியவேண்டும்.

டாக்டர் ஷமீமா அந்த மருத்துவமனையில் அறுவைப்பலன் ஆய்வாளர். ஆபரேஷன் செய்வது அவர் வேலையில்லை. ஆபரேஷன் ஆனவர்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று துருவுவதுதான் வேலை. துருவப் போய் ஒரு வில்லங்கத்தைக் கண்டுபிடித்தார். இயந்திரக் கைகள் வருஷத்துக்கு வருஷம் தேர்ச்சி பெற்றன. புண் ஆறுவது மட்டும் வருஷத்துக்கு வருஷம் தாமதமாயிற்று. மருந்து, உணவு, காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் அலசினார். கடைசியில் ஒரே ஒரு வித்தியாசம்தான் மிஞ்சியது. பழைய காலத்து நோயாளியைப் பார்க்க ஆள் வந்தது. இப்போது வருவதில்லை.

ஆள் வராவிட்டால் ஆளைச் செய்துகொள்ள வேண்டியதுதானே? அப்படிப் பிறந்ததுதான் நலவிசாரி. நோயாளியின் சொந்தக்காரர் யாராவது ஒருவரின் முகம், குரல், நடை எல்லாவற்றையும் பழைய தொலைபேசிப் பேச்சுகளிலிருந்து எடுத்து அச்சாக அப்படியே வார்த்த இயந்திரம். முதலில் செய்த நலவிசாரிகள் மிகவும் நல்லவை. வந்து உட்காரும், நோயாளியின் முகத்தையே பார்க்கும், கையைப் பிடித்துக்கொள்ளும், சொல்வதையெல்லாம் காது கொடுத்துக் கேட்கும். நோயாளிகள் அலறிவிட்டார்கள். பவானியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் கட்டிலைவிட்டே இறங்கி ஓடப் பார்த்தார். “இது எம்பட பையன் இல்லீங்க! எம்பட பையன் இத்தன நேரம் உக்கார மாட்டானுங்க!” என்று அவர் கத்தியது ஆய்வுக்கூடத்தில் இன்னும் பிரபலம்.

ஷமீமா பின்வாங்கவில்லை. இருபத்தோராம் நூற்றாண்டுத் தொடக்கத்து மருத்துவமனைக் கேமராப் பதிவுகளைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார். அந்தக் காலத்து மனிதர்கள் எப்படி நலம் விசாரித்தார்கள் என்று கற்றுக்கொள்வதற்காக. முதலில் பதிவுதான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தார். ஒவ்வொருவரும் ஆப்பிள் பையையும் ரொட்டியையும் மேசைமேல் வைத்தார்கள். எப்படி இருக்கீங்க என்று கேட்டார்கள். பதில் வருவதற்குள் கையில் இருந்த செல்போனைக் குனிந்து பார்த்தார்கள். இதே ஆபரேஷன் செய்து செத்துப்போன யாரையாவது பற்றிச் சொன்னார்கள். இரண்டு பேர் வந்தால் நோயாளியை நடுவில் படுக்கவைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மனை விலை பேசினார்கள். கிளம்பும் முன் நோயாளியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஏதாச்சும்னா கூப்பிடுங்க என்றார்கள். போய்விட்டார்கள்.

பார்த்ததை அப்படியே இயந்திரத்துக்குள் ஏற்றினார்கள். அடுத்த மாதமே ஏற்பு எண்கள் மளமளவென்று ஏறின. நோயாளிகள் கண்கலங்கி, “வந்தான் பாருங்க, அதே பழைய மாதிரியே இருக்கறான்” என்றார்கள்.

இனி ஒரே கேள்விதான் பாக்கி. இயந்திரம் விசாரித்தால் கிடைக்கும் பலனும் மனிதர் விசாரித்தால் கிடைக்கும் பலனும் ஒன்றா? அதற்கான சோதனையில் ராக்கியண்ணனைச் சேர்த்துக்கொள்ள ஷமீமா அவர் அறைக்கு வந்தார்.

“ரெண்டு தடவை உங்க மக வருவாங்க ஐயா. ஒரு தடவை நெசமான மக, ஒரு தடவை மெஷின். எது முதல்லன்னு குலுக்கிப் போட்டு கணினி முடிவு பண்ணும். எனக்கே தெரியாது. நெசமான மக வரமுடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா ரெண்டு தடவையும் மெஷின்தான் வரும். அதையும் சோதனை முடியற வரைக்கும் சொல்லமாட்டோம்.”

“நீங்க சொல்ல வேண்டாமுங்க, நானே சொல்லிப்போடுவேன்” என்று சிரித்தார் ராக்கியண்ணன். “மூஞ்சி பொய் சொல்லுமுங்க டாக்டரம்மா. மோட்டாரு பொய் சொல்லாது.”

ஷமீமா போன பிறகு அவருடைய சிரிப்பும் போய்விட்டது. வரமுடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா. அந்த ஒரு வாக்கியத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தார்.

ஆனால் பூங்கோதை கிளம்பிவிட்டாள். மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்த அன்றைக்கே விடுப்புக் கேட்டுக் கிளம்பிவிட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா துளசிமணி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது அப்பா டீ வாங்கப் போயிருந்தார். கட்டில் பக்கத்தில் இவள்தான் இருந்தாள். அம்மா ஏதோ சொன்னாள். இவள் இமைத்திரையில் எதையோ படித்துக்கொண்டே “ம்” என்றாள். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா இல்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று இன்றுவரை தெரியாது. அப்பாவிடமும் சொன்னதில்லை. அந்தப் பழக்கத்தை அதற்குப் பிறகும் அவள் விடவில்லை என்பதுதான் வேடிக்கை. மனிதர்கள் அப்படித்தான்.

குலசேகரப்பட்டினம் விண்துறையில் இறங்கியபோது அவளால் நிற்கமுடியவில்லை. நிலவில் ஆறில் ஒரு பங்கு எடையோடு ஒன்பது வருஷம் வாழ்ந்த கால்களுக்குப் பூமி பெரிய பாரம். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தாங்குசட்டம் ஒன்றை மாட்டிவிட்டார்கள். வாடகைச் சட்டம். முழங்கால் இரண்டிலும் மோட்டார். ஒவ்வொரு அடிக்கும் உய்ங் என்றது. இதயத்துக்கு ஆகாது, நாலைந்து நாளுக்குமேல் தங்கவேண்டாம் என்று அங்கிருந்த டாக்டர் எச்சரித்தார். அவள் தலையாட்டிவிட்டு, விண்துறை வாசலில் இருந்த அறுவைக்கூண்டுக்குள் போய் இமைத்திரையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தாள். இந்தத் தடவை அப்பா முகத்தைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

குலுக்கலில் முதல் முறை மனிதருக்கு விழுந்திருந்தது.

சாயங்காலம் கதவு திறந்தது. ராக்கியண்ணன் தலையைத் தூக்கினார். வாசலில் பூங்கோதை நின்றாள். முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது, பூமிக்கு இறங்கியவர்களுக்கு அப்படித்தான் வெளிறும். நீளப் பாவாடை காலை மறைத்திருந்தது. அவருக்கு நெஞ்சு ஒருமுறை பலமாக அடித்துக்கொண்டது. புது இதயம் வந்த பிறகு அது அப்படி அடித்ததே இல்லை.

அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். உய்ங்.

ராக்கியண்ணனின் முகம் அப்படியே வாடிவிட்டது. நாற்பது வருஷத்துக் காது அது. முழங்கால் மோட்டார், பழைய மாடல், கிரீஸ் வைத்து வருஷக் கணக்கில் ஆகியிருக்கவேண்டும்.

“அப்பா” என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் கட்டிலருகில் வந்து, மெல்ல நாற்காலியில் இறங்கினாள். வெறுங்கை. சட்டத்தின் பிடிகளைப் பற்றிக்கொள்ளவே இரண்டு கையும் வேண்டியிருந்ததால் ஆப்பிள் வாங்கமுடியவில்லை.

“வா” என்றார் ராக்கியண்ணன். வீட்டுக்கு வந்துவிட்ட யாரோ ஒரு விற்பனையாளரிடம் பேசும் மரியாதை அதில் இருந்தது. “பயணமெல்லாம் சவுரியந்தானா?”

“சவுரியந்தானுங்கப்பா. நீங்க எப்படி இருக்கறீங்க? எங்க வலிக்குது?”

கேட்ட மாத்திரத்தில் பதில். நடுவில் இடைவெளியே இல்லை. ஒன்பது வருஷமாக அந்த இடைவெளியோடுதான் அவர் மகளுடன் பேசியிருந்தார். நிலாவில் குடியிருப்பவர்கள் பூமிக்கு வந்தாலும் கொஞ்ச நாள் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார்கள் என்றும் யாரோ சொல்லக் கேட்டிருக்கிறார். அவள் கண்ணைப் பார்த்தார். அது எந்த மூலைக்கும் போகவில்லை. அவர்மேலேயே இருந்தது. முழுசாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை என்று ஆகிவிட்டது அவருக்கு.

“முழங்கால் சத்தம் போடுது பாரு. உங்க ஆளுகளுகிட்டச் சொல்லி எண்ணெய் போடச் சொல்லோணும். இல்லீன்னா பேரிங்கு போயிரும்.”

“அது வாடகைக்கு எடுத்ததுங்கப்பா. நெலாவுல இருந்து வந்தா இது இல்லாம நிக்க முடியாது.”

“பரவால்ல, நல்லாத்தான் சொல்லிக் குடுத்துருக்கறாங்க.”

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவர் கையைப் பிடித்தாள். “அப்பா, நாந்தானுங்கப்பா. பூங்கோதை. நான் மெசினு இல்ல.”

“மெசினும் அப்படித்தான் கண்ணு சொல்லும். டாக்டரம்மா சொல்லியிருக்கறாங்க.” அவர் அவள் கையைத் திருப்பி உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார். “சூடு கூட வெச்சிருக்கறாங்க. அந்தக் காலத்துல நாங்க இந்த வேலையெல்லாம் பாத்ததில்ல.”

சின்ன வயதில் கடையில் தோசை இயந்திரத்துக்குள் கையை விட்டுச் சுட்டுக்கொண்டதைச் சொன்னாள். துளசிமணி வெறும் வயிற்றில் டீ குடிக்கக்கூடாதென்று திட்டுவதைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். அதெல்லாம் எப்போதோ போனில் பேசியதுதான், எல்லாவற்றையும் எடுத்து உள்ளே ஏற்றியிருப்பார்கள் என்றார். பேசாத ஒன்று அவளிடம் இருந்தது. அதையும் சொன்னாள். அம்மா கடைசியாகச் சொன்னது என்னவென்று தனக்குத் தெரியாது என்று, ஒன்பது வருஷத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாததை, அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுதாள்.

ராக்கியண்ணன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணுல தண்ணிகூட வருது” என்றார் மெதுவாக. அப்புறம் துண்டை எடுத்து அவள் கன்னத்தைத் துடைத்தார். “அழுவாத சாமி. கீழ எறங்கி மோட்டாருக்குள்ள போயிரப் போகுது.”

அவள் அழுகையை நிறுத்தவே முடியாமல் போயிற்று. அவருக்கும் இரக்கமாகிவிட்டது. இயந்திரம் என்றாலும் இத்தனை நேரம் யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. இருட்டும்வரை அவள் கையிலிருந்து தன் கையை அவர் எடுக்கவில்லை. பிறகு, மகளிடம் ஒருநாளும் சொல்லமுடியாததை அந்த இயந்திரத்திடம் சொன்னார்.

“எம்பட புள்ள வரமாட்டா. எனக்குத் தெரியும். அவளுக்கு நெம்ப வேல. வரலீன்னு வெச்சுக்க, நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன். ஆனா உங்கிட்ட ஒளிச்சு என்ன ஆகப்போகுது? அவ ஒருக்கா வந்து எட்டிப் பாத்துப்போட்டுப் போனாப் போதும் எனக்கு. இந்த நெஞ்சு ஓடும். நீ இதைய அவகிட்டச் சொல்லிப்போடாத. மனசு கஷ்டப்படுவா.”

பூங்கோதை அவரையே பார்த்தாள். இன்னும் என்ன சொல்லி நிரூபிப்பது? கட்டிலுக்கு மேலே பச்சை எண் நாற்பதிலிருந்து முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நாளைக்கு உங்க புள்ள வருவாங்க” என்றாள்.

“நெசமாவா?”

“நெசமாத்தானுங்க. அவங்க வந்துட்டு இருக்கறாங்க. அடுத்தது அவங்கதான்.”

அப்பா என்று சேர்த்துச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுந்து நடந்தாள். கதவருகில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உய்ங், உய்ங் என்ற சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைந்தது.

மறுநாள் காலையில் நலவிசாரி வந்தது. புதிய மாடல். காலில் சத்தமே இல்லை. கையில் ஆப்பிள் பையும் ரொட்டியும் இருந்தன. வாசலிலேயே, “அப்பப்பா, எத்தனை கூட்டம்! லிப்டுக்கே எவ்வளவு நேரம் நிக்கறது” என்றது. மேசைமேல் பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே கேட்டது. “எப்படிங்கப்பா இருக்கறீங்க?”

“வந்துட்டியா கண்ணு!” ராக்கியண்ணன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். “நல்லாருக்கறேன் கண்ணு. நேத்து ராத்திரி மட்டும் கொஞ்சம்…”

அதன் கண் இடதுபக்கம் மேல் மூலைக்குப் போய்விட்டது. இரண்டரை விநாடி கழித்து, “அப்படீங்களா?” என்றது. நிலவிலிருந்து வந்த பேச்சுகளைக் கேட்டுக் கற்ற இயந்திரம், அந்த இடைவெளியையும் சேர்த்தே கற்றிருந்தது. அப்புறம், சுரங்கத்தில் இதயம் சேராமல் இறந்துபோனவரின் கதையை முதலிலிருந்து சொன்னது. அவர் தலையருகே குனிந்து ஒரு படம் எடுத்துக்கொண்டது.

“சாப்டீங்களாப்பா?”

“சாப்ட்டேன் கண்ணு.”

“சரிங்கப்பா. ஏதாச்சும்னா கூப்பிடுங்க. வரட்டுமா?”

செவிலி இயந்திரம் மேசைமேல் வைத்திருந்த ஹார்லிக்ஸ் ஆறுவதற்குள் அது போய்விட்டது. ராக்கியண்ணன் ஆப்பிளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். செவிலி இயந்திரம் உருண்டு வந்து வலி எவ்வளவு என்று கேட்டது. “எம்பொண்ணு வந்துட்டுப் போறா. நெலாவுல இருந்து வந்துருக்கறா” என்றார். பச்சை எண் ஐம்பதைத் தாண்டியது. அடுத்த நாள் அறுபத்தைந்து. எண்பதைத் தாண்ட இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு, அவரை வீட்டுக்கு அனுப்பும் தேதி குறித்துவிட்டார்கள்.

சோதனை முடிந்து கணினி மறைத்து வைத்திருந்ததைத் திறந்தபோது டாக்டர் ஷமீமா முதலில் நம்பவில்லை. எல்லா நோயாளிகளிடமும் ஏறக்குறைய இதே கதைதான். உண்மையிலேயே அக்கறைப்பட்டு வந்து, முகம் பார்த்துப் பேசியவர்களை நோயாளிகள் இயந்திரம் என்று தள்ளிவிட்டார்கள். அரைமனதாக வந்துபோன மனிதர்களுக்கு மட்டும் இயந்திரத்துக்குச் சமமான பலன் இருந்தது. இரண்டு நாள் யோசித்துவிட்டு ஆய்வின் முடிவை எழுதினார். நோயாளியின் நலனுக்கு உறவினர் நேரில் வரவேண்டியதில்லை, நலவிசாரியே போதுமானது. பிற்பாடு உலகம் முழுக்க அதை வரவேற்றார்கள். எல்லோரையும்விட அதிகமாக வரவேற்றவர்கள் உறவினர்கள்.

பூங்கோதை நிலவுக்குத் திரும்பிய பிறகு ஷமீமாவை அழைத்தாள். “அப்பாகிட்ட உண்மையச் சொல்லட்டுங்களா டாக்டர்?”

ஷமீமா ராக்கியண்ணனின் ஏற்பு எண்ணை எடுத்துப் பார்த்தார். 

“எண்பது இன்னும் தாண்டலைம்மா. மக வந்துட்டுப் போனான்னு நம்பித்தான் அந்த நெஞ்சு ஓடுது. இப்ப போய் வந்தது மெஷின்னு சொன்னீங்கன்னா என்ன ஆகும்னு என்னால சொல்லமுடியாது. நீங்களே முடிவு பண்ணுங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூங்கோதை அப்பாவை அழைத்தாள். எடுத்துப் போட்ட இமைத்திரையை அவள் திரும்பப் பதிக்கவில்லை. சுவர்த்திரையில் அப்பா வந்தார். கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது. அவள் ஆசையோடு அவர் முகத்தையே பார்த்தாள்.

ஒன்றேகால் விநாடியில் அவள் பார்வை அவரைப் போய்ச் சேர்ந்தது. ராக்கியண்ணனின் சிரிப்பு நின்றது. திரைக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தார்.

“யாரு பேசறது?” என்றார். “மறுபடியும் மெசினா?”

பூங்கோதை சட்டென்று கண்ணை இடதுபக்கம் மேலே திருப்பிக்கொண்டாள். அந்த மூலையில் ஒரு தண்ணீர்க்குழாய் மட்டும்தான் இருந்தது.

“சாப்டீங்களாப்பா?” என்று குழாயைப் பார்த்துக் கேட்டாள்.

“அடடே, நீதானா!” இரண்டரை விநாடி கழித்து அவர் குரல் மலர்ந்து வந்தது. “சாப்ட்டேன் கண்ணு. நீ வந்துட்டுப் போனதுல இருந்து நல்லாப் பசிக்குது.” அப்புறம் கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். நீ வர்றதுக்கு மொத நாளு அந்த மெசினு ஒண்ணு வந்துச்சு. பாவம், இருட்டற வரைக்கும் எங்கையப் புடிச்சுட்டு உக்காந்துருந்துச்சு. போறப்ப கதவுகிட்ட நின்னு திரும்பிப் பாத்துச்சு கண்ணு. அதுதான் மனசுலயே நிக்குது. அதுக்கு முழங்காலுக்கு எண்ணெய் போட்டாங்களோ என்னமோ, கேட்டுச் சொல்றியா?”

குழாயின் மேல் நீர்த்துளிகள் கோத்து நின்றன. அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்போல் அவளுக்கு இருந்தது. பார்க்கவில்லை.

“சரிங்கப்பா, கேட்டுச் சொல்றனுங்க” என்றாள். “மாத்திர போட்டீங்களா? வெக்கட்டுமா?”